பத்தடி முன்னால்

வாக்கிங் போகலாம் என்று சொன்னது நான் இல்லை. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். எனக்கு அப்போது எங்கேயும் போகவேண்டும் என்று தோன்றாது, போகக்கூடாது என்றும் தோன்றாது. உட்கார்ந்தால் உட்கார்ந்த இடம், நின்றால் நின்ற இடம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என் தோழி தைத்த ஜாக்கெட்டைக் கொடுக்க வந்தவள், போகிற போக்கில் சொன்னாள்.

"டாக்டரு நடக்கச் சொல்லிட்டாருடி. சுகர் ஏறிக்கிச்சாம். நீ கூட வந்தா நடப்பேன், இல்லன்னா மாட்டேன்."

நான் சிரிக்கவில்லை, ஆனால் சிரிக்க வேண்டிய இடம்தான். அவளுடைய சர்க்கரை எனக்கு அவளைவிட நன்றாகத் தெரியும். பாலக்கோட்டில் ஒரு தனியார் லேபில் நான் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். அவள் கையில் கடைசியாக ஊசி குத்தியது நான். ரிசல்ட் அடித்துக் கவரில் போட்டுக் கொடுத்ததும் நான். அதில் ஒன்றுமே இல்லை.

"பொய் சொல்றதா இருந்தா உனக்கு ரத்தம் எடுக்காதவங்ககிட்ட போய்ச் சொல்லு" என்றேன்.

"சரி, எனக்கு இல்ல. உனக்குத்தான். லேபு லீவு நாளைக்கு. காலைல அஞ்சு மணிக்கு உன் வூட்டு கேட்டுகிட்ட நிப்பேன். வரலன்னா பேரச் சொல்லிக் கத்துவேன், தெருவே எந்திரிச்சு வந்து பாக்கும்."

அவள் கத்துவாள். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் ஆறு வருஷம் உட்கார்ந்தவளைப் பற்றி எனக்குத் தெரியாதா? மகளிர் உயர்நிலைப் பள்ளியில் டீச்சரே அவளைப் பார்த்துக் காதைப் பொத்திக்கொண்டது உண்டு. என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அவள் வீடு, வீட்டின் முன்னறையில் தையல் மிஷின். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். என்னிடம் தமிழ். கோபம் தலைக்கேறினால் மட்டும் என்னிடமும் தெலுங்குதான்.

அதற்குப் பத்து மாதம் முன்னால் என் வீட்டுக்காரர் இறந்துபோனார். காலையில் டீ குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கட்டிலில் சாய்ந்தார். அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், போனதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. காரியம் எல்லாம் முடிந்து பதினேழாவது நாள் நான் லேபுக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். அழவில்லை. எல்லோரும் என்னைக் கட்டிப்பிடித்து அழுதபோது அவர்களுடைய முதுகைத் தட்டிக்கொடுத்தது நான்தான். பல் பிடுங்குவதற்கு முன்னால் கன்னத்தில் ஊசி போடுவார்களே, அதன் பிறகு கன்னத்தைத் தட்டினால் தட்டுவது தெரியும், வேறெதுவும் தெரியாது. உடம்பு முழுக்க எனக்கு அப்படி இருந்தது. பெங்களூரில் இருக்கும் மகன் போன் செய்து "சாப்ட்டியாம்மா?" என்பான். சாப்பிட்டேன் என்பேன். சாப்பிட்டிருப்பேன், என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் தெரியாது.

ஊர் என்னிடம் மாறிவிட்டது என்பது மட்டும் அந்த விறைப்புக்குள்ளும் தெரிந்தது. பத்திரிகை வைக்க வருகிறவர்கள் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து காபி குடித்து, தாம்பாளத்தில் வைத்து, "குடும்பத்தோட முன்னாடியே வந்துடணுங்க" என்பார்கள். என் வீட்டுக்கு வரும்போது கேட்டோடு நின்று, "முடிஞ்சா வாங்கக்கா" என்பார்கள். முடிஞ்சாவாம். குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள், நான் ஏதோ தூங்குகிற மாதிரி. என் தோழி ஒருத்திதான் மாறவில்லை. இருபதாவது நாள் வந்து, நான் தோசையைக் கருக்கிவிட்டேன் என்று திட்டினாள். "புருசன் செத்தா தோச திருப்பறதும் மறந்துபோவுமா?" என்றாள். என் நாத்தனார் அதைக் கேட்டு அதிர்ந்துபோய்விட்டாள். எனக்கு மட்டும் அன்றைக்கு அந்தத் திட்டு வேண்டியிருந்தது. என்னை முன்பு பார்த்தபடியே பார்க்கிற ஆள் ஊரில் ஒன்றே ஒன்று மிச்சம். அவளும் மாறிவிட்டால் எனக்கு வேறு ஆள் கிடையாது. இதை நான் அப்போதே தெளிவாக நினைத்திருந்தேன்.

அதனால் போனேன். கார்த்திகை கடைசி. பனி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் காதைச் சுற்றி மப்ளர் கட்டி, மேலே அவள் புருஷனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். தெருமுனையில் திரும்பி, ஏரிக்கரை ரோட்டில் ஏறி, ரயில்வே கேட் வரை போய்த் திரும்புவது என்று முடிவு. பக்கத்தில் பக்கத்தில்தான் நடந்தோம். அவள் பேசிக்கொண்டே வந்தாள், நான் கேட்டுக்கொண்டே வந்தேன்.

ஏரிக்கரையில் பாதி தூரம் போயிருப்போம். எதிரே தக்காளிப் பெட்டி ஏற்றின மினி டெம்போ ஒன்று வந்தது. அந்த நேரத்துக்கு எல்லா வண்டியும் மார்க்கெட்டுக்குத்தான். எங்களுக்குக் கொஞ்ச தூரத்தில் வேகம் குறைந்து நின்றது. விளக்கு எங்கள் மேலேயே அடித்தது. அப்புறம் மெதுவாகப் பின்னால் போய், ஒரு வயல் வழியில் ஏறித் திரும்பி, வந்த வழியே போய்விட்டது.

"எதையோ மறந்துட்டு வந்துட்டாரு போல" என்றேன்.

"ம்" என்றாள். அதுவரை வாய் மூடாதவள் அதற்குப் பிறகு கேட் வருகிறவரைக்கும் பேசவில்லை. மூச்சு வாங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு அவள் வந்த கோலத்தைப் பார்க்கவேண்டுமே. மப்ளர் இல்லை, புருஷன் சட்டை இல்லை. தலைக்குக் குளித்து, நெற்றியில் இத்தனை பெரிய குங்குமம், கொண்டையைச் சுற்றி மல்லிகைப்பூ. பிரிட்ஜில் வைத்திருந்து எடுத்திருப்பாள் போல, ஈரம் சொட்டியது.

"வாக்கிங் போறதுக்கு எதுக்குடி பூவு? யாரு பொண்ணு பாக்க வராங்க?"

"நேத்து வாங்கனது வாடிடும். உனக்கு இன்னா, வா."

அன்றிலிருந்து அவள் எனக்கு முன்னால்தான் நடந்தாள். ஒரு அடி இரண்டு அடி இல்லை, பத்தடி. நான் வேகமாக எட்டு வைத்தால் அவளும் வேகமாக வைத்தாள். பேச்சு மட்டும் குறையவில்லை. முன்னால் பார்த்துக்கொண்டே பின்னால் இருக்கிற எனக்குச் சொல்வாள், அந்தக் குரலுக்குப் பத்தடி எல்லாம் ஒரு தூரமா? அவள் பெண் படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப்போட்டுக்கொண்டிருந்த சமயம். எந்த ஊரில் என்ன இன்டர்வியூ, மாமியார் என்ன சொன்னார், எந்த ஜாக்கெட்டுக்கு எந்தக் கை வைத்து யார் சண்டைக்கு வந்தார்கள், எல்லாம் எனக்கு அவள் முதுகிலிருந்துதான் வந்து சேர்ந்தது.

"இன்னாத்துக்குடி இப்படி ஓடற? ஒலிம்பிக்குக்குச் சேத்துக்கினாங்களா உன்ன?" என்றேன் ஒரு நாள்.

"வேகமா நடந்தாத்தான் கொழுப்பு கரையுமாம். யூடியூப்ல சொன்னாங்க."

ரோட்டில் ஒரு புளியமரத்து வளைவு உண்டு. அந்த இடம் வந்தால் எனக்கு முன்னால் ஓடிப்போய் வளைவைத் தாண்டி நின்று எட்டிப்பார்ப்பாள். வண்டி வந்தால் ரோட்டின் நடுவுக்கே போய், கையை ஆட்டி, சிரித்து, வழி விடுவாள். லோடு வண்டிகள் அவளுக்கு ஹாரன் அடித்துவிட்டுப் போகும். என்மேல் வண்டி இடித்துவிடப் போகிறது என்று பயப்படுகிறாள் என்று நினைத்தேன். சின்ன வயதிலிருந்தே அவள் இப்படி மெனக்கெடுகிறவள்தான். அவள் பின்னால் நடந்தால் மல்லிகைப்பூவோடு தைலம் ஒன்றின் வாசனையும் வரும். இருபத்தைந்து வருஷமாக ஸ்பிரிட்டும் டெட்டாலும் முகர்கிற மூக்கு எனக்கு, அது வலிக்குத் தேய்க்கிற தைலம் என்று தெரிந்தது. எங்கே வலி என்று கேட்கவில்லை. அந்த நாளில் நான் யாரையும் எதையும் கேட்பதில்லை.

மாசியில் வருஷத் திதி வந்தது. சமைத்தேன், படைத்தேன், காக்கா வந்து எடுத்தது. "பாத்தியா, அவரேதான் வந்திருக்காரு" என்று நாத்தனார் அழுதாள். நான் காக்காவைப் பார்த்தேன். காக்கா மாதிரிதான் இருந்தது. மனசு என்று ஒன்று இருந்த இடத்தில் ஒன்றையும் காணோம். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். சனிக்கிழமை படுக்கப்போகும்போது நானாக அலாரம் வைக்க ஆரம்பித்திருந்தேன். அந்த ஒரு வருஷத்தில் ஒன்றுக்காக நானாகக் கை நீட்டியது அதற்குத்தான்.

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை, லேபில் முதல் ஆளாக ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வருகிறவர்களுக்காக ஆறரைக்கே திறப்போம். அந்த அம்மாவின் வீட்டுக்காரர் தக்காளி வண்டி ஓட்டுகிறவர், ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் தோட்டம். கையைக் கட்டி, நரம்பைத் தேடி, ஊசியை இறக்கினேன். ரத்தம் சிரிஞ்சில் ஏறிக்கொண்டிருந்தது.

"அக்கா, நீங்க ஞாயித்துக்கெழம நடக்கப் போறீங்க இல்லீங்க?"

"ஆமாங்க. கைய அசைக்காதீங்க."

"எங்க வூட்டுக்காரரு சொல்லுவாருங்க. மொத வாரம் லோடோட கெளம்பனவரு, நீங்க எதிர்ல வந்துட்டீங்கன்னு வண்டியத் திருப்பிக்கினு வூட்டுக்கே வந்துட்டாரு. தண்ணி குடிச்சி, செத்த நேரம் ஒக்காந்துட்டு மறுபடி போனாரு. இப்ப அந்த டெய்லரம்மா பூவு வெச்சிக்கினு முன்னாடி வந்துடறாங்களாம். நல்லதாப் போச்சுங்க. அவங்க மொகத்தப் பாத்துட்டு இவரு பாட்டுக்குப் போயிடறாரு." என் முகத்தில் எதையோ பார்த்திருக்க வேண்டும். "தப்பா நெனச்சுக்காதீங்கக்கா. உங்க மேல ஒண்ணும் இல்லீங்க. தக்காளி வெல இருக்கற இருப்புல, மனசு அப்படி அடிச்சிக்குது."

"தப்பா நெனைக்கலீங்க" என்றேன். ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்தேன். "கட்டை வெரலால அழுத்திப் புடிங்க. தேய்க்காதீங்க, கன்னிடும்."

டியூபில் பெயர் எழுதினேன், எழுத்துகூடக் கோணவில்லை. அந்த அம்மா போனபிறகுதான் ஒன்று உறைத்தது. காலையில் எழுந்து, பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல், முதல் வேலையாக அவர்கள் பார்த்தது என் முகத்தை. வெளியே பெஞ்சில் இன்னும் ஏழு பேர், அதே போல. வாரத்தில் ஆறு நாள் இந்த ஊர் என் முகத்தில்தான் விழிக்கிறது, கையை வேறு நீட்டிக்கொண்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் எதிரே வரக்கூடாதாம்.

வண்டிக்காரர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் யாரோ. பூவும் குங்குமமும் பத்தடியும் புளியமரத்து வளைவும் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. மூன்று மாதத்துக்கு மேலாக நான் ஒரு முதுகுக்குப் பின்னால் மூடி வைக்கப்பட்டிருந்திருக்கிறேன். அந்த முதுகு யாருடையதென்றால், மாறவே மாட்டாள் என்று நான் நம்பியிருந்தவளுடையது.

அந்த ஞாயிறு ஒன்றும் சொல்லாமல் போனேன். அவள் வழக்கம்போலப் பூவோடு முன்னால் நடந்தாள். ஏரிக்கரை ஏறினதும் நான் வேகமெடுத்தேன். அவளும் எடுத்தாள். நான் இன்னும் வேகமாக நடந்தேன். ஐம்பதை நெருங்கிய இரண்டு பொம்பளைகள், புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, விடியாத ரோட்டில் கிட்டத்தட்ட ஓடினோம். ஒரு நாய் எழுந்து எங்களைப் பார்த்துவிட்டு, குரைக்காமலே திரும்பப் படுத்தது. கடைசியில் அவள்தான் நின்றாள். சின்னப் பாலத்தின் கட்டைச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாடி ஆச்சு உனக்கு இன்னிக்கி?"

"நான் முன்னாடி போவக்கூடாதா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

"யாரு சொன்னா?"

"யாரு சொன்னா இன்னா? ஆமாவா, இல்லியா?"

"ஆமா" என்றாள். "அதுக்குத்தான். மொத வாரம் அந்தாளு வண்டியத் திருப்பனான் பாரு, எனக்கு வயிறு எரிஞ்சி போச்சு. எதையோ மறந்துட்டாரு போலன்னு நீ சொல்ற. அது எதுக்குன்னு உனக்குத் தெரிஞ்சிருந்தா அடுத்த வாரம் வந்திருப்பியா? வூட்டுக்குள்ளயே கெடந்திருப்ப. எனக்கு அதுல எல்லாம் நம்பிக்க கெடையாதுடி. அவனுங்களுக்கு இருக்குது. அவனுங்களோட சண்ட போடறதா, உன்ன நடக்க வெக்கறதா? நான் இதுதான் நெனச்சேன்."

"என்னைக் கேட்டியா?"

"கேட்டா நீ இன்னா சொல்லியிருப்ப?"

"அதை நான்தான சொல்லணும்! அவன் திருப்பினா திருப்பிக்கினு போவட்டும். என்னை மறைக்கறதுக்கு நீ யாரு? நீயும் அவங்க பக்கம் நின்னுட்ட, பூவ வெச்சிக்கினு."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. ஒரு வருஷத்தில் நான் கத்தியது அதுதான் முதல் தடவை. கத்த ஆரம்பித்தால் நான் எங்கே நிற்பேன்? சொல்லக்கூடாததையும் சொன்னேன்.

"நாளைக்கு உன் பொண்ணு ஒரு நல்ல காரியத்துக்குக் கெளம்பறப்ப, என்னைத் தள்ளி நில்லுன்னுதான் நீயும் சொல்லப்போற. இவனுக்கும் உனக்கும் இன்னா வித்தியாசம்?"

அவள் பதில் சொல்லவில்லை. தமிழிலும் இல்லை, தெலுங்கிலும் இல்லை. வாயை வைத்தே ஊரை ஆள்கிறவள், கட்டைச் சுவரில் உட்கார்ந்து, கையால் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அந்த மௌனத்தையே பதிலாக எடுத்துக்கொண்டு நான் தனியாகத் திரும்பி நடந்தேன்.

அடுத்த ஞாயிறு அலாரம் வைக்கவில்லை. அவளும் வந்து கத்தவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. கன்னத்து விறைப்பு மறுபடி வந்து ஒட்டிக்கொண்டது, அதுவும் ஒரு வகையில் சௌகரியம்தான். லேபில் குத்தினேன், எழுதினேன், வீட்டுக்கு வந்தேன், படுத்தேன். ஒரு ஆளை இழந்தபோது ஊரே கூடி வந்தது. இந்த இரண்டாவது ஆளை இழந்தது யாருக்கும் தெரியவில்லை, எனக்கே அவ்வளவாகத் தெரியவில்லை.

மூன்றாவது வாரம் சனிக்கிழமை அவள் பெண்ணிடமிருந்து போனில் மெசேஜ் வந்தது. ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, ஹாஸ்டலில் கொண்டுபோய் விட நாளைக்குக் காலை ஐந்து மணிக்கு அம்மா, அப்பா, நான் மூன்று பேரும் காரில் கிளம்புகிறோம் பெரிம்மா, என்று. கீழே மூன்று பூப் படம். அந்தப் பெண் பிறந்தபோது அவளை முதலில் கையில் வாங்கியது நான். ரத்த வகை பார்த்துச் சொன்னதும் நான். சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் எனக்கு ஒரு கெட்ட எண்ணம் வந்தது. ஐந்து மணி. சரியாக நாங்கள் நடக்கப் போகிற நேரம். அவர்கள் தெருவிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போக என் தெருமுனையைத் தாண்டித்தான் போகவேண்டும். போவோம், நேராக வண்டிக்கு எதிரில் நடந்து போவோம், என் தோழி முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்துவிடுவோம் என்று நினைத்தேன். நல்ல எண்ணம் இல்லை. ஆனால் அலாரம் வைத்தேன்.

நாலே முக்காலுக்குக் கிளம்பி அவர்கள் தெருவுக்குள் நுழைந்தேன். வாசலில் கார் நின்றது. ஹெட்லைட் தெருவின் நீளத்துக்கு அடித்தது. வாசலில் தண்ணீர் தெளித்திருந்தது பளபளவென்று தெரிந்தது. அவள் புருஷன் பெட்டியை டிக்கியில் வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் புதுச் சுடிதாரில் நின்றாள். இன்னும் நாலு எட்டு வைத்தால் வெளிச்சத்துக்குள் போய்விடுவேன்.

கால் வரவில்லை.

இந்தப் பொண்ணுக்கு வழியில் ஏதாவது ஆகிவிட்டால்? அந்த வேலை நிலைக்காமல் போய்விட்டால்? யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, அது உள்ளேயே இருந்திருக்கிறது. தெரு ஓரத்தில் தண்ணீர் டேங்கர் மாட்டின டிராக்டர் ஒன்று நின்றிருந்தது. நான் அதன் பின்னால் போய் ஒதுங்கி நின்றேன். என்னைத் தள்ளி நில் என்று யாரும் சொல்லவில்லை. நானாகப் போய் நின்றேன். அவளை அத்தனை பேச்சு பேசின நான்.

கார் கிளம்பட்டும், போய்விடலாம் என்று நின்றேன். கார் கிளம்பவில்லை. இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய மாமியாரின் குரல் கேட்டது.

"நேரமாவுது, எடுக்கச் சொல்லு. எதுக்கு நிக்கிறீங்க?"

"இருங்கத்த. அவ வரட்டும்" என்றாள் என் தோழி.

"எவ?"

"எவன்னு கேக்கறீங்களே. என்கூட நடப்பாளே, அவதான். புள்ள மெசேஜ் போட்டிருக்குது, அஞ்சு மணிக்கு வருவா."

"ஐயையே, அவ எதுக்கு இந்த நேரத்துல? புள்ள மொத மொத வேலைக்குக் கெளம்புது. உனக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சா?"

"அவ எதிர்ல வந்தாத்தான் வண்டி கெளம்பும். வரலன்னா மத்தியானம் ஆனாலும் இங்கதான் நிக்கும். நீங்க உள்ள போய் ஒக்காருங்க."

அவள் புருஷன் ஏதோ முணுமுணுத்தார். அதற்குத் தெலுங்கில் ஒரு வரி பதில் போனது, டிக்கியைச் சாத்துகிற சத்தம் கேட்டது. நான் டேங்கருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். இப்போது வெளியே வந்தால் ஒளிந்துகொண்டிருந்தது தெரிந்துவிடும். வராவிட்டால் அந்தக் கார் அங்கேயே நிற்கும், அவளை எனக்குத் தெரியும். டேங்கரின் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக என் செருப்பின் மேல் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ. அப்புறம் வெளியே வந்தேன்.

அவள் என்னையும் பார்த்தாள், நான் எங்கிருந்து வந்தேன் என்பதையும் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு.

"அங்க நின்னுக்கினு இன்னாடி பண்ற? டயருக்குக் காத்து இருக்குதான்னு பாக்கறியா?" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள். "வா நேரா. நடு ரோட்டுல வா."

நடு ரோட்டில் வந்தேன். ஹெட்லைட்டில் கண் கூசியது, காருக்குள் யாருடைய முகமும் தெரியவில்லை. அந்தப் பெண் கண்ணாடியை இறக்கி, "போய்ட்டு வரேன் பெரிம்மா" என்றாள். ஏதோ சொன்னேன், என்ன சொன்னேன் என்று தெரியவில்லை. கார் என்னைத் தாண்டும்போது முன் சீட்டு ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டு என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்துவிட்டுப் போனது. அவள் தலையில் பூ இருந்ததா என்று நான் பார்க்கவில்லை.

பல் பிடுங்கினவர்களுக்குத் தெரியும், விறைப்பு விடும்போது முதலில் வருவது வலிதான். கார் மெயின் ரோட்டில் திரும்பினதும் நான் அந்த டேங்கர் சக்கரத்தில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். அவருக்காக அழுதேன். ஒரு வருஷமும் இரண்டு மாதமும் கழித்து, அடுத்தவர் வீட்டு வாசலில், அவர் கீழே வைத்த அந்த டீ டம்ளரை நினைத்து. அவளுடைய மாமியார் கேட்டருகே நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் போன் வந்தது.

"சேத்துட்டு வந்தாச்சுடி. ரூமு பரவால்ல. சோறுதான் எப்படியோ. அடுத்த வாரம் அஞ்சு மணிக்கு வந்துடு."

"ம்."

"ஆனா ஒண்ணு, இப்பவே சொல்லிட்டேன். நான் மெதுவாத்தான் நடப்பேன். மிஷின் மிதிச்சு மிதிச்சு ஏற்கெனவே பாதி போன முட்டி. மூணு மாசமா உனக்கு முன்னாடி ஓடி ஓடி மீதியும் போச்சு."

"மெதுவாவே வா" என்றேன். "நான் நிக்கறேன்."